கருமேனியில் விழும் ஒளி

(மயிலாப்பூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஓவிய ஆசிரியர் ஒருவரின் நினைவாக நடக்கும் சொற்பொழிவு இது. ஆகவே ஓவியத்தின் அடிப்படையான கேள்வி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். ஒளி யார் மேல் விழுகிறது, எப்படி விழுகிறது? தமிழ்நாட்டுப் பெண்களில் பெரும்பாலோர் கறுப்பு, அல்லது மாநிறம். அந்த மேனியை ஒளியில் நிறுத்திக் கொண்டாடிய கலைஞர்கள் நம்மிடமும் உண்டு, உலகின் வேறு மூலைகளிலும் உண்டு. அவர்கள் அதை எப்படிச் செய்தார்கள் என்பதே இன்றைய பேச்சு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கறுத்த பெண்ணை அழகாகக் காட்டுவதற்குப் பெருந்தன்மை தேவையில்லை, கைத்திறன் தேவை. ஒளியைக் கையாளத் தெரியாதவர்கள்தான் தோலை வெளுக்கிறார்கள்.

தெருவில் எரியும் விளக்குகள்

மாலை மயங்கியதும் தியாகராய நகர் உஸ்மான் சாலையில் நின்று மேலே பாருங்கள். பட்டுக்கடைப் பலகையிலும் நகைக்கடைப் பலகையிலும் மணப்பெண் சிரித்துக்கொண்டிருப்பாள். கீழே நடந்துபோகும் பெண்களில் அநேகருக்கு அந்த நிறம் கிடையாது. கடைக்குள் போனால் புடவையை உதறி விரித்துக் காட்டும் பெண்கள் நிற்கிறார்கள். தென்மாவட்டங்களிலிருந்து வந்து, விடுதியில் தங்கி வேலை பார்ப்பவர்கள் அவர்களில் பலர். நாள் முழுக்க நின்றே வேலை செய்யும் இவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது 2021இல்தான். அந்தத் தெருவின் வெளிச்சம் முழுவதும் பலகையில் இருப்பவளுக்கு. அந்த வெளிச்சத்துக்குக் கீழே வேலை செய்பவள் யார் கண்ணிலும் படுவதில்லை.

இது ஒரே நாளில் வந்த பழக்கமன்று. சிவப்பழகுக் களிம்பு என்றாலே நம் வீடுகளில் நினைவுக்கு வரும் ஃபேர் அண்ட் லவ்லி 1975இல் சந்தைக்கு வந்தது. கறுத்த முகத்தோடு போனால் வேலை கிடைக்காது, மாப்பிள்ளை அமையாது என்கிற விளம்பரங்களைப் பார்த்தே இரண்டு தலைமுறைப் பெண்கள் வளர்ந்தார்கள். கறுப்பைத் தாழ்வாகக் காட்டும் விளம்பரங்கள் கூடாது என்று இந்திய விளம்பரத் தர மன்றம் 2014இல் நெறிமுறை வகுத்தது. 2020இல் அந்தக் களிம்பின் பெயரே மாறியது. பெயர் மாறினாலும், பெண் பார்த்துவிட்டு வந்த வீட்டில் “எல்லாம் சரிதான், கொஞ்சம் கலர் கம்மி” என்று சொல்லும் குரல் இன்னும் ஓயவில்லை.

அந்தக் குரலுக்கு எதிரான முயற்சிகளில் முக்கியமான ஒன்று நம் சென்னையில் பிறந்தது. கவிதா இம்மானுவேல் தொடங்கிய ‘விமன் ஆஃப் வொர்த்’ அமைப்பு, ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ இயக்கத்தை 2009இல் ஆரம்பித்தது. 2013இல் நடிகை நந்திதா தாஸ் அதில் இணைந்தபின் அதன் குரல் இந்தியா முழுவதும் கேட்டது. இயக்கங்கள் செய்யும் வேலைக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் ஒரு சமூகத்தின் கண் பழக வேண்டுமானால், நாள்தோறும் பார்க்கிற படங்களும் மாற வேண்டும். அந்த வேலை கலைஞர்களுடையது.

கருவிக்கும் நிறப் பாகுபாடு உண்டு

“கறுப்பாக இருந்தால் படத்தில் எடுபடாது” என்று புகைப்பட நிலையங்களில் சாதாரணமாகச் சொல்வார்கள். அது இயற்கையின் விதி என்றே பலரும் நம்புகிறோம். உண்மை வேறு. வண்ணப் புகைப்படம் பரவத் தொடங்கிய காலத்தில், படத்தின் நிறம் சரியாக வந்திருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கக் கோடாக் நிறுவனம் ஆய்வகங்களுக்கு ஓர் அட்டை அனுப்பியது. அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். அவர் பெயரை ஒட்டியே அதற்கு ‘ஷெர்லி அட்டை’ என்று பெயர் நிலைத்தது. அவருடைய தோல் சரியாக வந்தால் போதும், படம் சரி. கறுத்த முகங்கள் கோடாக் படச்சுருளில் கண்ணும் பல்லும் மட்டும் தெரியும் நிழல்களாக விழுந்தன.

கறுப்பின மக்களின் குறை கோடாக்கின் காதில் நெடுங்காலம் ஏறவில்லை. பால் சாக்லெட்டுக்கும் கறுப்புச் சாக்லெட்டுக்கும் படத்தில் வித்தியாசமே தெரியவில்லை என்று சாக்லெட் கம்பெனிக்காரர்கள் முறையிட்டார்கள். அடர்நிற மரமும் வெளிர்நிற மரமும் ஒன்றுபோல விழுகின்றன என்று மரச்சாமான் விற்பவர்கள் முறையிட்டார்கள். அதன்பிறகுதான் அடர்நிறங்களின் நுட்பத்தைப் பதிவுசெய்யும் சுருள் வந்தது. பிரெஞ்சு இயக்குநர் கோதார் 1977இல் மொசாம்பிக்கில் வேலை செய்யப் போனபோது, அந்த நாட்டு மக்களைப் பதிவுசெய்யக் கோடாக் சுருள் உதவாது என்று மறுத்திருக்கிறார். ஒரு மரப்பலகைக்குக் கிடைத்த கவனம் ஒரு பெண்ணின் முகத்துக்குக் கிடைக்கப் பல ஆண்டுகள் பிடித்தன. மாணவர்கள் இதை மறக்கக் கூடாது. படத்தில் எடுபடாத முகம் என்று ஒன்று உலகில் இல்லை. அந்த முகத்தை எடுக்கத் தெரியாத கருவியும் கையும்தான் உண்டு.

கண்ணாடிக் குழாயும் கறுப்பு வண்ணமும்

இனி அந்தக் கடைப்பலகை விளக்குக்கே வருகிறேன். நியான் வாயுவை ராம்சேயும் டிராவர்ஸும் 1898இல் லண்டனில் கண்டுபிடித்தார்கள். ஜார்ஜ் கிளாட் 1910இல் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் அதைக் குழாயில் அடைத்து எரியவைத்துக் காட்டினார். இன்று தியாகராய நகரில் நியான் என்று சொல்லி விற்பதில் பெரும்பாலானது பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும் எல்இடி பட்டை. உண்மையான நியான் முழுக்க முழுக்கக் கைவேலை.

அந்த வேலையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். எழுத்தின் வடிவத்தை இடவலமாகத் திருப்பி, தீப்பிடிக்காத தாளில் வரைந்து மேசையில் விரித்திருப்பார்கள். கலைஞர் கண்ணாடிக் குழாயை வாயு அடுப்புச் சுவாலையில் உருட்டிக்கொண்டே இருப்பார். கண்ணாடி இளகித் தொய்யத் தொடங்கியதும் எடுத்து, சில நொடிகளுக்குள் கோட்டின் மேல் வைத்து வளைத்துவிட வேண்டும். குழாயின் ஒரு முனையில் மாட்டிய ரப்பர்க் குழல் அவர் வாயில் இருக்கும். வளைவில் கண்ணாடி நசுங்கி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, அளந்து ஊத வேண்டும். வளைத்து முடித்ததும் இரு முனைகளிலும் மின்முனை பொருத்தி, உயர் மின்னழுத்தம் செலுத்திச் சூடேற்றி, உள்ளே இருக்கும் காற்றையும் அழுக்கையும் உறிஞ்சி எடுப்பார்கள். பிறகு வாயுவை நிரப்பி அடைப்பார்கள். நியான் செம்மஞ்சளாக எரியும். ஆர்கானோடு ஒரு துளி பாதரசம் சேர்ந்தால் நீலம்.

ஒரு சொல்லை ஒரே குழாயால் எழுதும்போது எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையே இணைப்புத் துண்டு வருமல்லவா? அது தெரியாமல் இருக்க அதன்மேல் கறுப்பு வண்ணம் பூசுவார்கள். விளம்பரப் பலகை உலகில் கறுப்புக்குத் தரப்பட்ட வேலை அவ்வளவுதான்: வேண்டாததை மறைப்பது.

அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் கிளென் லிகன் அந்த வேலையைத் தலைகீழாக்கினார். ‘வார்ம் பிராட் க்ளோ’ என்ற தலைப்பில் 2005இல் அவர் செய்த நியான் படைப்பில் இரண்டே சொற்கள். வெள்ளை இனத்தவரான ஜெர்ட்ரூட் ஸ்டைன், கறுப்பினப் பெண் ஒருத்தியை நாயகியாக வைத்து எழுதி 1909இல் வெளிவந்த ‘மெலாங்க்தா’ கதையிலிருந்து எடுத்தவை. அந்த எழுத்துகளின் முன்புறம் முழுவதையும் லிகன் கறுப்பால் மூடிவிட்டார். ஒளி பின்பக்கமாகப் பாய்ந்து, சுவரில் பட்டுத் திரும்பி, கறுத்த எழுத்தைச் சுற்றிலும் வெண்மையாகப் படர்கிறது. கறுப்பு அங்கே மறைக்கும் வேலையை விட்டுவிட்டு, தானே சொல்லாகி நிற்கிறது. பார்க்கிறவர் அந்த ஒளியைக் கறுப்பின் ஒளியாகவே உணர்கிறார்.

லிகன் சொல்லில் செய்ததைத் தென்னாப்பிரிக்காவின் ஸனேலே முஹோலி உடலில் செய்தார். ‘சொம்ன்யாமா ங்கோன்யாமா’ என்ற தன்னுருவப் படவரிசையை 2012இல் தொடங்கினார். கறுத்த பெண் சிங்கத்தை வாழ்த்தும் ஸூலு மொழித் தலைப்பு அது. அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்களில் ஒளியின் ஏற்றத்தாழ்வைக் கூட்டித் தன் தோலை இன்னும் கறுப்பாக்கினார். தாய் பெஸ்டர், வெள்ளையர் வீட்டில் பல பத்தாண்டுகள் பணிப்பெண்ணாக உழைத்தவர். அந்தத் தாயின் பெயரிட்ட ஒரு படத்தில் முஹோலி துணி காயப்போடும் கிளிப்புகளைத் தலையில் கிரீடமாகச் சூடி, காதிலும் தோடுபோல மாட்டியிருக்கிறார். பார்வையில் இரக்கம் கேட்கும் சாயல் துளியும் இல்லை. உழைப்பின் கருவியே அணிகலனாகிவிட்டது.

கும்பகோணத்துச் சன்னல்

இதே காரியத்தைத் தைலவண்ணத்தால் தமிழ்நாட்டில் செய்தவர் ஓவியர் இளையராஜா. கும்பகோணத்தை அடுத்த செம்பியவரம்பலில் 1979இல் பிறந்தவர். கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் இளங்கலையும், சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் முதுகலையும் படித்தார். சென்னைக் கல்லூரி 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. தேவி பிரசாத் ராய் சௌத்ரியும் கே.சி.எஸ். பணிக்கரும் முதல்வர்களாக இருந்த இடம். பணிக்கரின் காலந்தொட்டே சென்னை ஓவியர்களில் பலர் கோட்டையும் குறியீட்டையும் அருவ வடிவத்தையும் தேடிப் போனார்கள். இளையராஜா இயல்பு ஓவியத்திலேயே ஊன்றி நின்றார். ‘திராவிடப் பெண்கள்’ என்ற வரிசை அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. ஆனந்த விகடன் வாசகர்கள் கதைப் பக்கத்தைப் புரட்டும் முன்பே அவர் ஓவியத்தில் கண்ணை ஊன்றினார்கள். ஓவியம் வாங்க வசதியில்லாத வீடுகளுக்கும் கைபேசி வழியாக அவர் வரைந்த பெண்கள் போய்ச் சேர்ந்தார்கள்.

அவர் படங்களில் திரும்பத் திரும்ப வரும் அமைப்பைச் சொல்கிறேன். பழைய வீடு. தேய்ந்த மரத்தூண் அல்லது கதவு. சன்னல் வழியே ஒரு பக்கமாக மட்டும் வெளிச்சம் வருகிறது. பாவாடை தாவணியில், அல்லது கைத்தறிச் சேலையில் ஒரு பெண் சாய்ந்து நிற்கிறாள். முகத்தின் ஒரு பாதி வெளிச்சத்தில், மறுபாதி நிழலில். புகைப்படம் என்றே நினைத்து ஏமாந்தவர்கள் ஏராளம்.

ஓவிய மாணவர்கள் இங்கே நின்று கவனிக்க வேண்டும். வெளுத்த தோலில் விழும் வெளிச்சம் பரவலாகச் சிதறும். கறுத்த தோலில் அந்தச் சிதறல் குறைவு, அதனால் மேற்பரப்பின் பளபளப்பு முன்னுக்கு வரும். நெற்றி மேடு, மூக்கின் தண்டு, கன்ன எலும்பு, தோள் வளைவு ஆகிய இடங்களில் ஒளி தேங்கி நிற்கும். சுற்றியுள்ள பொருள்களின் நிறத்தையும் அந்தத் தோல் தனக்குள் வாங்கிக்கொள்ளும். சிவப்புத் தரையருகே இருந்தால் தாடையடியில் செம்மை, சன்னலுக்கு நேரே இருந்தால் தோளில் வானத்து நீலம். வெள்ளையை அள்ளிப் பூசினால் தோல் சாம்பலாகிச் செத்துப்போகும். கறுப்பை அப்பினால் ஆள் நிழலாகிவிடுவாள். நடுவில் இருக்கும் பழுப்பு, ஊதா, காவிச் சாயல்களை அடுக்கடுக்காகக் கொண்டுவருவதுதான் வித்தை. சிகாகோவில் வாழும் கெர்ரி ஜேம்ஸ் மார்ஷல் கறுப்பின மாந்தரை வரைவதற்கு ஒரே கறுப்பைப் பயன்படுத்துவதில்லை. தந்தக் கறுப்பு, கரிக் கறுப்பு, இரும்புக் கறுப்பு என்று பிரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் வேறு வண்ணம் கலந்து கறுப்புக்குள் பல கறுப்புகளை உண்டாக்குகிறார். பாதை வேறானாலும் இளையராஜாவும் மார்ஷலும் நம்பியது ஒன்றே. கறுப்பு ஒரு முழு வண்ணம், அதற்குத் தனிப் படிப்பு வேண்டும்.

2021 ஜூன் மாதம் கொரோனா இளையராஜாவைக் கொண்டுபோயிற்று. வயது நாற்பதுகளின் தொடக்கம். வரைய வேண்டியவற்றில் பெரும்பகுதி அவரோடு போய்விட்டது என்பதை இன்றும் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

திரையிலும் கருவறையிலும்

திரையில் இந்த வித்தையைக் காட்டியவர் மட்டக்களப்பில் பிறந்து சென்னையில் வாழ்ந்த பாலு மகேந்திரா. 1988இல் வந்த ‘வீடு’ படத்தை இளைஞர்கள் தேடிப் பாருங்கள். சென்னையில் சொந்தமாக ஒரு வீடு கட்டப் போராடும் நடுத்தர வர்க்கப் பெண்ணாக அர்ச்சனா நடித்தார். ஒப்பனையைக் குறைத்து, இயற்கை வெளிச்சத்தையே பெரிதும் நம்பி எடுத்த படம். சோர்வும் நம்பிக்கையும் அந்த மாநிற முகத்தில் மாறி மாறி வருவதை ஒளிப்பதிவு ஒன்றுவிடாமல் பிடித்திருக்கிறது. அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. அந்த வெற்றிக்குப் பின்னும் நம் திரையுலகம் வடக்கே போய் நிறம் தேடுவதை நிறுத்தவில்லை. தவறு ஒளிப்பதிவில் இல்லை, தேர்வில் இருக்கிறது.

இதற்கெல்லாம் முன்னோடி இந்த மண்ணிலேயே இருக்கிறது. இங்கிருந்து நடந்து போனால் கற்பகாம்பாள் சன்னதி. கருங்கல் திருமேனி. தலைமுறை தலைமுறையாக எண்ணெய்க்காப்பு ஏறிக் கறுத்த கல். அர்ச்சகர் தீபாராதனைத் தட்டை உயர்த்தும்போது சுடர் அந்தக் கல்லில் வழுக்கிக்கொண்டு போகும். கன்னம், மூக்குத்தி, இதழ்க்கடை என்று ஒவ்வொன்றாகத் தெரிந்து மறையும். அந்தக் கறுப்பு இருந்தால்தான் அந்தச் சுடருக்கு மதிப்பு. அதே அம்மன் நாட்காட்டியில் ஏறும்போது மட்டும் ரோஜா நிறத்துக்கு மாறிவிடுகிறாள். ரவிவர்மா 1894இல் அச்சகம் தொடங்கிய பிறகு தெய்வங்களின் வண்ணப் படங்கள் வீடுதோறும் போயின. பின்னாளில் கோவில்பட்டி கொண்டையராஜுவின் ஓவியங்கள் சிவகாசி நாட்காட்டிகளாயின. அச்சு பரவப் பரவத் தெய்வங்கள் வெளுத்தன.

இதற்கு மறுமொழியாகச் சென்னைப் புகைப்படக்காரர் நரேஷ் நீலும் பரத்வாஜ் சுந்தரும் 2017 இறுதியில் ‘டார்க் இஸ் டிவைன்’ என்ற படவரிசையை வெளியிட்டார்கள். லட்சுமி, சரசுவதி, துர்க்கை, சீதை என்று கறுத்த இளம்பெண்களையே தெய்வ வடிவில் நிறுத்தினார்கள். மனதை அள்ளிய படங்கள் அவை.

அழகு மட்டும் போதாது

இங்கே ஒரு கேள்வியை மனம் திறந்து வைக்கிறேன். கறுத்த பெண்ணைத் தெய்வமாக்கினால்தான் மதிப்போமா? இளையராஜாவின் பெண்கள் பெரும்பாலும் வாசலிலும் சன்னலோரத்திலும் காத்திருப்பவர்கள். அந்த அமைதியின் அழகை நான் நேசிக்கிறேன். ஆனால் நிறத்தின் மேல் உள்ள வெறுப்பு வெறும் அழகுணர்ச்சிக் கோளாறு இல்லை. அதற்குள் சாதி இருக்கிறது, வெயிலில் வேலை செய்கிறவளைத் தாழ்வாகப் பார்க்கும் வர்க்கப் பார்வை இருக்கிறது. ஒருத்தி அழகாக இருப்பதால் மதிக்கப்பட வேண்டும் என்று வாதாடினால், அழகாக இல்லாதவளை மதிக்க வேண்டாம் என்று ஒப்புக்கொண்டது போலாகும்.

அதனால்தான் மதுரையைச் சேர்ந்த எம். பழனிக்குமாரின் புகைப்படங்கள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. தூய்மைப் பணியாளர் குடும்பங்களையும், இராமநாதபுரம் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களையும் அவர் தொடர்ந்து பதிவுசெய்து வருகிறார். மீன் விற்று வளர்த்த தன் தாயையும் படமெடுத்திருக்கிறார். முஹோலி தன் தாய்க்குச் செய்த மரியாதைக்கு நிகரான மரியாதை இது. இங்கே ஒளி ஒருத்தியின் முகத்தில் மட்டும் நிற்காமல் அவள் கையில் இருக்கும் வேலையின் மீதும் விழுகிறது.

நிறைவாக மூன்று வேண்டுகோள்கள். அடையாறு, தரமணிப் பகுதியில் ஒளிப்பதிவு படிக்கும் மாணவர்கள் முதல் பயிற்சியிலேயே கறுத்த முகத்துக்கு ஒளி அமைக்கப் பழகுங்கள். பக்கவாட்டில் இருந்து, மென்மையான, அகன்ற ஒளி. அதில் தேறினால் எந்த முகத்தையும் எடுக்கலாம். கல்யாண ஆல்பம் போடும் நண்பர்கள் மணப்பெண்ணைக் கணினியில் வெளுக்காதீர்கள். அவள் பேத்தி பார்க்கப்போகும் முகம் அவளுடையதாகவே இருக்கட்டும். பெற்றோரும் ஆசிரியர்களும், குழந்தை தன் அம்மாவை வரையும்போது வண்ணப் பெட்டியில் பழுப்பை எடுத்தால் அதுவே சரி என்று சொல்லுங்கள்.

இந்த அறக்கட்டளையிடமும் ஒன்று கேட்கிறேன். நான் இன்று பெயர் சொன்ன தமிழ் ஓவியரும் ஒளிப்பதிவாளரும் புகைப்படக்காரர்களும் ஆண்கள். கறுத்த பெண்ணை ஆண்கள் வரைந்து நாம் நிறையப் பார்த்துவிட்டோம். கும்பகோணம், சென்னை கவின்கலைக் கல்லூரிகளிலிருந்து ஆண்டுக்கொரு மாணவிக்கு, வண்ணமும் திரைச்சீலையும் கண்காட்சிச் செலவும் இந்த நிதியிலிருந்து தாருங்கள். தன்னையும், தன் தாயையும், தன் தெருவையும் அவர் எப்படிப் பார்க்கிறார் என்பதை இதே மேடையில் வந்து சொல்லட்டும். அந்தப் பேச்சைக் கேட்க நான் முன்வரிசையில் வந்து உட்காருவேன்.